நீரே பழிப்பட்டீர்

துக்கம் கேட்கப் போன இடத்தில் காரணம் சொல்லக் கூடாது என்பது என் கட்சி. எங்கள் பக்கத்தில் இதை யாரும் ஒப்புக்கொள்வதில்லை. பந்தலுக்குள் நுழைந்து, கையைப் பிடித்து, இரண்டு நிமிடம் உட்கார்ந்ததுமே ஆளுக்கொரு காரணத்தை எடுத்து வைத்துவிடுவார்கள். “அவன் வாங்கிட்டு வந்த வரம் அவ்வளவுதான்.” “கணக்கு முடிஞ்சிது, கூப்பிட்டுக்கிட்டான்.” “நல்ல உசிரத்தான் ஆண்டவன் சீக்கிரம் எடுத்துக்குவான்.” “எந்தப் பிறவியில யாரு செஞ்சதோ, இந்தப் புள்ள தலையில விடிஞ்சிது.” சொல்கிறவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். ராத்திரி முழுக்கக் கூடவே உட்கார்ந்திருந்துவிட்டு, விடிந்ததும் அடுப்பு மூட்டிக் கஞ்சி வைத்துக் கொடுப்பவர்களும் இவர்கள்தாம். ஆனாலும் அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் எனக்குள் ஏதோ ஒன்று முரண்டு பிடிக்கும். ஆறுதல் என்ற பெயரில் போனவன் மீதோ பெற்றவள் மீதோ குற்றம் சாட்டுகிறார்கள் என்றே படும்.

இவை வெறும் வாய்வார்த்தைகளும் அல்ல. கடவுள் எல்லாம் வல்லவர், கருணைக்கு எல்லையில்லாதவர் என்றால் உலகில் இத்தனை கொடுமை எப்படி என்ற கேள்விக்கு மனிதர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்த விடைகளின் சுருக்கம் இவை. பழைய கிரேக்கத் தத்துவவாதி எபிக்யூரஸின் பெயரில் வழங்கும் அந்தக் கேள்வியை 1955-ல் ஜே. எல். மக்கி என்ற ஆஸ்திரேலியத் தத்துவவாதி மறுபடி கூர்தீட்டினார். கடவுளின் வல்லமை, கடவுளின் நன்மை, தீமை இருப்பது ஆகிய மூன்றையும் ஒருசேர ஏற்க முடியாது என்பது அவர் வாதம். மனிதனுக்குச் சுதந்திரம் கொடுத்தால் தீமைக்கும் இடம் கொடுத்தே ஆக வேண்டியிருந்தது என்று ஆல்வின் பிளாண்டிங்கா பதில் சொன்னார். ஆன்மா பக்குவப்படுகிற களம் இந்த உலகம், துன்பமில்லாமல் பக்குவம் வராது என்று ஜான் ஹிக் 1966-ல் எழுதினார். எங்கள் ஊர்ப் பந்தலில் “பட்டாத்தான் புத்தி வரும்” என்று சொல்லும் பெரியவர் ஹிக்கைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். இருவர் வாதமும் ஒன்றுதான். பல வருடங்களாக இந்த வாதங்களை வாசித்துவருகிறேன். வாசிக்கும்போது சரியாகத்தான் இருக்கின்றன. துக்க வீட்டுக்குள் போனதும் அவை ஏன் கொடுமையாக மாறிவிடுகின்றன என்பதுதான் எனக்குப் பிடிபடாமல் இருந்தது.

சித்தி கேட்டது

என் சித்தியின் ஊர் திருவாரூருக்குத் தெற்கே, பாண்டவையாற்றுப் பாசனத்தில் இருக்கிறது. மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துசேரும் நாள்களில் கடைமடைக்காரர்களுக்குத் தூக்கம் கிடையாது. முறை எப்போது வருகிறதோ அப்போது போய் மடையைத் திறந்தாக வேண்டும், நடுராத்திரி என்றாலும். சித்தி மகன் அப்படித்தான் போனான். இருபத்து மூன்று வயது. நிலா வெளிச்சம் போதும் என்று டார்ச்சை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். சேற்றில் இழுபடும் என்பதால் வயலுக்குச் செருப்புப் போட்டுப் போகும் வழக்கமும் எங்கள் பக்கத்தில் இல்லை. மடை ஓரத்தில் கிடந்த கண்ணாடி விரியன் கணுக்காலுக்கு மேலே கடித்தது. நடந்தே வீட்டுக்கு வந்து, “அம்மா, என்னமோ கடிச்சிருச்சு” என்று வாசற்படியில் உட்கார்ந்தானாம். விடிவதற்குள் கால் தொடைவரை வீங்கிவிட்டது. ஈறில் ரத்தம் கசிந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். சிறுநீரகம் நின்றுபோய், மூன்றாம் நாள் போய்விட்டான்.

கருமாதிக்கு முதல் நாள் வீட்டில் கூட்டம் இருந்தது. வாத்தியார் மாமாவும் வந்திருந்தார். சித்திக்கு ஒன்றுவிட்ட அண்ணன். பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆதீனம் நடத்தும் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போய் முறையாகப் படித்தவர். தேவாரத்தைப் பண்ணோடு பாடக்கூடியவர். பையனுக்கு எழுத்து அறிவித்ததும் அவர்தான். தூக்கிக்கொண்டு போனபோது பிள்ளைபோல அழுததைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குச் சித்தியின் எதிரில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்: “தங்கச்சி, பிராரத்தம்னு ஒண்ணு இருக்கும்மா. எடுத்துட்டு வந்த வினைய அனுபவிச்சுத்தான் கழிக்கணும். உன் புள்ள கழிச்சிட்டுப் போயிட்டான். இனிமே அவனுக்குக் கஷ்டம் இல்ல.”

சித்தி தூணில் சாய்ந்திருந்தாள். கோரைப்பாயின் ஓரத்தில் பிரிந்து நீட்டிக்கொண்டிருந்த கோரைகளை ஒவ்வொன்றாக உள்ளே செருகிக்கொண்டிருந்தாள். அவர் சொல்லி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அதையே செய்தாள். பிறகு கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள். “போன பிறவியில செஞ்சதுங்கிறீங்களே அண்ணே, என்னா செஞ்சான்னு சொல்லுங்க. யாரு வயித்துல அடிச்சான்? யாரு புள்ளைய வாரிக்கிட்டுப் போனான்? அது தெரிஞ்சா நானும் ஆமான்னு ஒத்துக்கிறேன். தெரியாம எப்படி ஒத்துக்கிறது?” மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சித்தி விடவில்லை. “மாட்டுக்கு மணி கட்டிவச்ச ஊருதானே இது. கன்னுக்குட்டி போச்சுன்னு அந்தப் பசு வந்து அடிச்சுது, ராசா எறங்கி வந்தான். நான் எந்த மணியப் போயி அடிக்கிறது?”

பந்தலில் யாரும் வாய் திறக்கவில்லை. மூலையில் இருந்த பெரிய ஆத்தா ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கினாள். கண்ணில்லாத சாமி என்றாள், கல்லாய்ப் போன சாமி என்றாள், உனக்கு நாங்கள் வைத்த பொங்கல் எல்லாம் வீணாய்ப் போச்சே என்றாள். சித்தி அவளோடு சேர்ந்துகொண்டாள். மாமாவின் விளக்கத்தைக் கேட்டபோது அவள் முகத்தில் இல்லாத ஒரு தெளிவு அப்போது இருந்ததைக் கண்ணால் கண்டேன். அன்றிலிருந்து இந்த விஷயத்தை வேறு பக்கத்திலிருந்து யோசிக்கத் தொடங்கினேன்.

யாருக்காகச் சொல்லப்படும் விடை

சித்தியின் முதல் கேள்வி சாதாரணமானது அல்ல. மறுபிறவியும் வினையும் தீமைக்கு விளக்கமாகுமா என்று ஆராய்ந்து விட்லி காஃப்மன் 2005-ல் எழுதிய கட்டுரையில் முன்வைக்கும் தடைகளில் ஒன்று இதுவேதான். செய்தது நினைவில் இல்லாதவனைத் தண்டித்தால் அது எப்படி நீதியாகும்? எந்தக் கடன் என்று சொல்லாமலேயே வீட்டை ஜப்தி செய்வதை யாரும் நியாயம் என்று சொல்வதில்லை. திருத்துவதற்காகத் தண்டனை என்றால், எதைத் திருத்திக்கொள்வது என்று தண்டனை பெறுபவனுக்குத் தெரிய வேண்டாமா? நம் மரபில் இதை உணராதவர்கள் இருந்ததாக நான் நினைக்கவில்லை. சூலைநோயில் துடித்த அப்பர் முதன்முதலில் பாடிய பாட்டே, கொடுமை பல செய்திருந்தால் நான் அதை அறியேன் என்றுதான் தொடங்குகிறது. வினை உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. தனக்குத் தெரியாது என்பதை மறைக்கவும் இல்லை.

வேதாந்தம் வேறொரு வழியில் வரும். பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில், கடவுளுக்குப் பாரபட்சமும் இரக்கமின்மையும் உண்டு என்ற குற்றச்சாட்டு நேரடியாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. சங்கரர் உரையில் சொல்லும் சமாதானம் மழை. மழை எல்லாப் பயிருக்கும் பொது. நெல் நெல்லாகவும் வாற்கோதுமை வாற்கோதுமையாகவும் முளைப்பது விதையைப் பொறுத்தது. அதுபோல உயிர்களின் ஏற்றத்தாழ்வு அவரவர் வினையைப் பொறுத்தது. அழகான வாதம். ஆனால் மழையை நம்பிப் பிழைக்கும் டெல்டாவில் அது தடுக்கி விழுகிறது. 2021 ஜனவரியில் சம்பா கதிர் முற்றி அறுவடைக்கு நின்ற நேரத்தில் பருவம் தப்பிப் பெய்த மழை யாருடைய விதை நல்ல விதை என்று பார்க்கவில்லை. சான்று விதை வாங்கி நட்டவன் வயலும் மூழ்கியது, வீட்டு விதை விட்டவன் வயலும் மூழ்கியது. சாய்ந்த கதிரில் நெல் முளைத்துக் கிடந்ததைக் கண்டவனிடம் விதையைக் காரணம் காட்ட முடியாது.

பாம்புக்கடியையே எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்பு கடித்து இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் என்று 2020-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலோர் கிராமத்தார். பாதிச் சாவுகள் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் நிகழ்ந்தவை. வினைதான் காரணம் என்றால், அந்த வினை மழைக்காலம் பார்த்து, கிராமம் பார்த்து, வெறுங்காலோடு நடப்பவனைப் பார்த்து வருகிறது என்று சொல்ல வேண்டியிருக்கும். அதைவிட, வரப்பில் எலி இருக்கிறது, எலியைத் தேடிப் பாம்பு வருகிறது, வெறுங்கால் அங்கே மிதிக்கிறது என்று சொல்வது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்குச் செய்ய வேண்டியதும் உடனே தெரிந்துவிடுகிறது: முழங்கால்வரை பூட்ஸ், கையில் டார்ச், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்து. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் சேர்த்துத்தான் அந்த மருந்தைத் தயாரிக்கிறார்கள். அதற்கான விஷத்தை எடுத்துத் தருவதில் பெரும்பங்கு, மாமல்லபுரத்துப் பக்கம் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துடையது. அவர்கள் ஒவ்வொரு பாம்பாகப் பிடித்து விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். தீமைக்குத் தரப்பட்ட பதில்களில் நான் பெரிதும் மதிக்கும் ஒன்று அது.

வினைக் கோட்பாட்டின் மீது எனக்குள்ள பெரிய மனத்தாங்கல் வேறு. அது யாருக்குப் பயன்பட்டது என்பது. அறத்தின் பயன் இது என்று நூல் கொண்டு விளக்க வேண்டாம், பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் ஏறிச் செல்பவனையும் பார்த்தாலே போதும் என்று ஒரு குறளுக்குப் பரிமேலழகர் பொருள் சொன்னார். பின்வந்தவர்கள் பலர் அந்தப் பொருளை ஏற்காமல் வேறு பொருள் கண்டார்கள். குறளின் கருத்து எதுவாகவும் இருக்கட்டும். சுமப்பவன் சுமப்பது அவன் செய்த வினை என்ற பேச்சு இந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக நடமாடியது. பண்ணையாள் முறை இருந்த காலத்தில் சேற்றில் நின்றவனிடமும் சவுக்கால் அடிபட்டவனிடமும் அதுதான் சொல்லப்பட்டது. கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டவர்களை 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேர். வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்களை உயர் நீதிமன்றம் பின்னர் விடுவித்தது. அந்த 44 பேரில் இருந்த குழந்தைகளின் வினை என்று ஒருவன் பேசினால், தீ வைத்த கையை மறைப்பதைத் தவிர அந்தப் பேச்சு வேறு எதையும் செய்யாது. ஹிக்கின் பக்குவ வாதமும் இங்கே வாய் பேசாது. யாருடைய ஆன்மா பக்குவப்படுவதற்காக இன்னொருவருடைய குழந்தை?

லிஸ்பனும் நாகப்பட்டினமும்

1755 நவம்பர் 1, சகல புனிதர்கள் திருநாள். போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் மக்கள் ஆலயங்களில் கூடியிருந்த காலை நேரத்தில் நிலம் ஆடியது. கூரைகள் இடிந்தன, தீப்பிடித்தது, பிறகு கடல் ஏறி வந்தது. இருக்கக்கூடிய உலகங்களிலேயே மிகச் சிறந்த உலகம் இதுதான் என்று ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸ் 1710-ல் எழுதியிருந்ததை ஐரோப்பா ஓரளவு நம்பிக்கொண்டிருந்த காலம். பிரெஞ்சு எழுத்தாளர் வோல்தேர் கொதித்துப்போய்க் கவிதை எழுதினார்: தாயின் மார்பில் நசுங்கிக் கிடக்கும் குழந்தை என்ன பாவம் செய்தது? 1756-ல் தத்துவவாதி ரூசோ அவருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் வேறொரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். ஆறு ஏழு மாடி வீடுகளாக இருபதாயிரத்தை ஒரே இடத்தில் நெருக்கிக் கட்டியது இயற்கை அல்லவே என்றார்.

இதைப் படித்தபோது என் மனம் நேரே கும்பகோணத்துக்குத்தான் போனது. 2004 ஜூலை 16 அன்று ஒரு பள்ளியில் சமையல் தீ கீற்றுக்கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் இறந்தார்கள். தெருவெல்லாம் ‘விதி’ என்றார்கள். விதி என்று சொன்ன அந்த நேரத்தில் கூரை கீற்றாக இருந்தது கண்ணில் படாமல் போனது, தப்பி வரப் போதிய வழியில்லாதது கண்ணில் படாமல் போனது. ரூசோவின் கண்ணால் பார்த்தவர்களால்தான் ஏதாவது நடந்தது. பள்ளிகளில் கீற்றுக்கூரையைப் பிரிக்க அரசு உத்தரவிட்டது. நாடு முழுவதும் பள்ளிகளுக்குத் தீத்தடுப்பு ஏற்பாடுகளைக் கட்டாயமாக்கி 2009-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தஞ்சாவூர் நீதிமன்றத்தில் குற்றவாளிகளுக்குத் தண்டனை அறிவிக்க மட்டும் 2014 ஆகிவிட்டது.

அதே 2004-ன் கடைசி ஞாயிறு, டிசம்பர் 26. அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் வேளாங்கண்ணியிலும் கடல் உள்ளே வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். வேளாங்கண்ணியில் இறந்தவர்களில் பலர் கிறிஸ்துமஸுக்கு மாதாவைக் கும்பிட வந்தவர்கள். சுமத்ராவில் நிலம் அதிர்ந்ததற்கும் இங்கே அலை வந்ததற்கும் நடுவில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு அன்று எச்சரிக்கை அமைப்பு இல்லை. ஐதராபாத்தில் அது வந்தது 2007-ல். ஆகவே இங்கேயும் ரூசோவுக்கு இடம் உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் இல்லை. கடலில் பிழைப்பவன் கடலோரத்தில்தான் குடியிருப்பான். “அங்கே ஏன் வீடு கட்டினாய்” என்று பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவளிடம் கேட்டால், அதுவும் பந்தலில் வினை பேசுவதைப் போன்றதுதான். மனிதக் கையைத் தேடிக் கண்டுபிடித்த பிறகும் ஒரு மிச்சம் நின்றுவிடுகிறது. வோல்தேரின் குழந்தை அந்த மிச்சத்தில் இருக்கிறது. நிலா வெளிச்சத்தில் மடை திறக்கப் போன பையனும் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறான்.

அந்த மிச்சத்தை எப்படியாவது நிரப்பிவிட வேண்டும் என்ற அவசரம் பெரியவர்களையும் விடவில்லை. 1934 ஜனவரி 15-ல் பீகாரில் பெரும் நிலநடுக்கம். தீண்டாமை ஒழிப்புக்காக அப்போது தமிழ்நாட்டில் பயணம் செய்துகொண்டிருந்த காந்தி, அது தீண்டாமைப் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்றார். அவர் எதிர்த்த பாவம் உண்மையானது. ஆனால் இடிபாட்டில் செத்தவர்களில் தீண்டாமைக்கு ஆளானவர்களே எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! இயற்கை நிகழ்ச்சிக்கு இயற்கையில்தான் காரணம் இருக்கும், அதில் அறத்தீர்ப்பைத் தேடக் கூடாது என்று தாகூர் வெளிப்படையாக மறுத்து எழுதினார். காந்தி அந்த மறுப்பைத் தன் ஹரிஜன் இதழிலேயே வெளியிட்டுப் பதில் சொன்னார், தன் நிலையிலிருந்து இறங்கவில்லை. காந்தியை நேசிக்கிற எனக்கு இந்த இடத்தில் தாகூரோடுதான் நிற்க முடிகிறது.

வாழ்ந்து போதீரே

சித்தி கேட்ட மணிக்கு வருகிறேன். மனுநீதிச் சோழன் கதைக்குக் கல்தேர் நிற்கிற திருவாரூரிலேயே, அந்தக் கோயிலுக்குள்ளேயே, இன்னொரு மணி இருக்கிறது. அது சுந்தரர் பாடிய பாட்டு. மணந்துகொண்ட சங்கிலியாரைப் பிரிய மாட்டேன் என்று திருவொற்றியூரில் செய்த சத்தியத்தை மீறி, கண் இரண்டையும் இழந்தவர் அவர். காஞ்சியில் ஒரு கண் கிடைத்தது. இன்னொன்று கிடைக்காமலே திருவாரூர் வந்து நின்று பாடுகிறார். அடியவர்கள் தங்கள் அல்லலைச் சொன்னால் பேசாமல் இருப்பீர், ‘வாழ்ந்து போதீரே’, நீர் நன்றாக இரும் ஐயா என்று முடியும் பாட்டு. இரண்டாம் பாட்டில் இன்னும் மேலே போகிறார்:

“குற்றம் ஒன்றும் செய்ததில்லை கொத்தை ஆக்கினீர்
எற்றுக்கு அடிகேள் என்கண் கொண்டீர் நீரே பழிப்பட்டீர்”

குற்றம் ஒன்றும் செய்யவில்லை, என்னைக் குருடாக்கினீர், பழி உமக்குத்தான். சத்தியத்தை மீறியது புராணப்படி உண்மை. காரணம் தெரிந்த அவரே, தண்டனை அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று சண்டை போடுகிறார். காரணமே தெரியாத சித்திக்கு இன்னும் எவ்வளவு பாத்தியதை உண்டு! என்னை அதிகம் அசைத்தது இந்தப் பாட்டுக்கு நேர்ந்த கதி. இதை யாரும் தள்ளி வைக்கவில்லை. ஏழாம் திருமுறையில் சேர்த்தார்கள். செந்துருத்திப் பண்ணில் அமைந்த ஒரே பதிகம் என்று போற்றிக் காத்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் சந்நிதியிலேயே குற்றச்சாட்டைப் பாடுவது வழிபாடாயிற்று.

விவிலியத்தில் யோபுவுக்கும் இதுவேதான். பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருந்தவனிடம் நண்பர்கள் வந்து விளக்கம் சொன்னார்கள்: கடவுள் அநியாயம் செய்ய மாட்டார், நீ ஏதோ செய்திருக்கிறாய். யோபு கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை, கடவுளோடு வழக்காடினான். முடிவில் கடவுள் கோபித்தது நண்பர்கள் மீது. யோபு பேசியதுபோல நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்றார். 1791-ல் ஜெர்மன் தத்துவவாதி கான்ட், கடவுளுக்காக வக்காலத்து வாங்கும் தத்துவ முயற்சிகள் எல்லாமே தோற்றுவிட்டன என்று ஒரு கட்டுரை எழுதி, அதில் யோபுவின் பக்கம் நின்றார். நண்பர்கள் பேசியது கடவுளின் காதில் விழட்டும் என்பதற்காக; யோபு பேசியது மனத்தில் இருந்ததை. இந்த வேறுபாடுதான் எனக்குத் தேவைப்பட்டது. விளக்கம் சொல்கிறவர் கடவுளைக் காப்பாற்றுகிறார். முறையிடுகிறவர் செத்துப்போனவனைக் காப்பாற்றுகிறார்; அவனுக்கு நடந்தது அநியாயம் என்பதை விட்டுக்கொடுக்க மறுக்கிறார்.

கடவுள் நம்பிக்கை இருந்தால்தானே முறையிட முடியும் என்று கேட்கலாம். புறநானூற்றில் பக்குடுக்கை நன்கணியார், ஒரு வீட்டில் சாப்பறையும் அடுத்த வீட்டில் மணமுழவும் ஒலிப்பதைக் கேட்டுவிட்டு, இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன் என்கிறார். அவர் யாரையும் விளித்துப் பேசவில்லை, பதிலையும் எதிர்பார்க்கவில்லை. இன்னாதது இவ்வுலகம் என்று முதலில் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் இனியதைக் காணச் சொல்கிறார். அந்த வரிசை எனக்கு முக்கியம். ‘எல்லாம் நன்மைக்கே’ என்று தொடங்குகிறவர்களுக்கு முதல் வரியைச் சொல்லத் துணிவு வருவதில்லை.

வாத்தியார் மாமா இதையெல்லாம் கேட்டு மசிகிறவர் அல்ல. சில மாதம் கழித்து அவர் வீட்டுத் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தோம். “வினை இல்லேன்னா என்னா மிச்சம் சொல்லு மாப்ள? ஒரு பாம்பு, ஒரு காலு, ஒரு நேரம். அவ்வளவுதான்னு அவகிட்ட போயி நீ சொல்லுவியா? அது மட்டும் ஆறுதலா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. சித்தாந்தத்தின் உண்மையான பலத்தையும் எடுத்துச் சொன்னார். உயிரை மறைக்கும் அழுக்கான ஆணவமலம் கடவுள் படைத்தது அல்ல, செம்பில் களிம்புபோல உயிரோடு அநாதியாகவே இருப்பது. அதனால் தீமைக்கு மூலம் இறைவன் என்ற பேச்சே எழாது. அவன் உலகைப் படைத்துக் கொடுப்பது அந்தக் களிம்பைக் கழுவத்தான். ஒன்றுமில்லாமையிலிருந்து எல்லாவற்றையும் படைத்த கடவுளுக்கு எழும் சிக்கல் இங்கே பாதி குறைந்துவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சைவ சித்தாந்தத்துக்கு அடித்தளமிட்ட மெய்கண்டார் மரபை நான் மதிப்பதும் இதனால்தான். ஆனால் கழுவுகிற கை இவ்வளவு கடுமையாக, இவ்வளவு ஏறுமாறாகத் தேய்க்க வேண்டுமா என்பது அப்படியே இருக்கிறது. பெற்றோர் பிள்ளையை அடிப்பதும் பரிவுதான் என்று சிவஞான சித்தியார் என்ற சித்தாந்த நூல் சொல்வதை மாமா எடுத்துக்காட்டினார். அடித்த பெற்றோர் எதற்காக அடித்தோம் என்று பிள்ளையிடம் சொல்வார்களே மாமா என்றேன்.

முதல் வருஷத் திதிக்குப் போயிருந்தபோது, படையல் போட்டு முடித்ததும் மாமா சிவபுராணம் தொடங்கப் போனார். சித்தி தடுத்தாள். “அண்ணே, கண்ணு போனவரு பாடுனாரே, திருவாரூர் பாட்டு, அதப் பாடுங்க.” மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் சொல்லிக்கொடுத்ததாக நினைத்திருப்பார். நான் சொல்லவில்லை. அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்தப் பாட்டை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாமா பாடினார். பண் பிசகாமல், ஒரு சொல்லையும் விழுங்காமல் பாடினார். ‘நீரே பழிப்பட்டீர்’ வந்ததும் சித்தி, “இன்னொருக்க” என்றாள். திரும்பவும் பாடினார்.

பந்தியில் உட்கார்ந்ததும் மாமா ஆரம்பித்துவிட்டார். “சுந்தரர் தம்பிரான் தோழர், மாப்ள. தோழனுக்கு அந்த உரிமை உண்டு. அத எல்லாரும் எடுத்துக்க முடியாது.” சாம்பார் வாளியோடு வந்துகொண்டிருந்த சித்தி நின்றாள். “தோழனுக்கு இருக்குற உரிமை பெத்தவளுக்கு இல்லையாண்ணே?” மாமா கையிலிருந்த கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டு, அது அப்படியில்லம்மா என்று ஆணவத்திலிருந்து தொடங்கினார். சித்தி வாளியைக் கீழே வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். திருவாரூர் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று யாரோ இரண்டு தடவை சொன்னார்கள். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.